கண்ணிலிட்ட மை

திருக்குறளின் 1285-ஆம் பாவில் ஒரு தலைவி தன் பலவீனத்தைத் தானே ஒப்புக்கொள்கிறாள். மை தீட்டும் வேளையில் தீட்டுகின்ற கோலைக் கண் காணாமற் போவது எப்படியோ அப்படியே, தலைவன் எதிரே வந்து நின்றுவிட்டால் அவனுடைய குற்றம் ஒன்றும் தன் பார்வைக்குப் புலப்படுவதில்லை என்பது அவளுடைய வாக்குமூலம். காதலின் நுட்பத்தை உணர்த்த வள்ளுவர் எடுத்தாண்ட இந்த உவமைக்கு, முற்றிலும் வேறான ஒரு சபையிலே, ஓர் உடன்பிறப்பு உண்டு. ஈசுவரகிருஷ்ணர் இயற்றிய சாங்கிய காரிகையின் 7-ஆம் சுலோகம், உள்ள பொருளே காணப்படாமற் போவதற்கு எட்டுக் காரணங்களை அடுக்குகிறது. முதலாவது அதிதூரம், அடுத்தது அதிசாமீப்யம், அதாவது மட்டுமீறிய அண்மை. இதற்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணம் கண்ணிலிட்ட அஞ்சனம். வள்ளுவர் கோலைச் சொன்னார். அவர்கள் மையையே சொல்லிவிட்டார்கள்.

நாற்பது ஆண்டுகளாக அந்தச் சுலோகம் எனக்குப் பாடம். ஆயினும் அது ஏட்டிலிருந்து இறங்கிவந்து என் வீட்டுக் கூடத்தில் எதிரே உட்கார்ந்து பேசியது சென்ற மார்கழியிலேதான். அதற்குக் காரணம், என் பேரன் கல்லூரிச் செய்முறைக்காகச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வாங்கிவந்த, சுண்டுவிரல் நீளங்கூட இல்லாத ஓர் அட்டை. அதன் முனையில் உளுந்தைவிடச் சற்றே பெரியவையாக இரண்டு குமிழ்கள் இருந்தன. ஒன்று பளிங்குபோல் தெளிந்தது, மற்றது கறுத்தது. தெளிந்த குமிழ், மனிதக் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு ஒளியை இடையறாது முன்னே வீசுகிறது. எதிரே ஒரு பொருள் இருந்து அவ்வொளி அதில் பட்டுத் திரும்புமானால் கறுத்த குமிழ் அதை ஏற்றுக்கொள்ள, அட்டையின் மேலிருக்கும் சிறு சிவப்பு விளக்கு எரிகிறது. எவ்வளவு ஒளி திரும்பினால் விளக்கு எரியவேண்டும் என்பதைத் திருப்புளியால் திருகித் தீர்மானிக்க ஒரு திருகும் உண்டு. கையை நீட்டினால் தானே நீர் சொரியும் குழாயிலும், காதருகே கொண்டுபோனால் கன்னம் பட்டு அழைப்புத் துண்டாகாதபடி திரையை அணைத்துக்கொள்ளும் கைபேசியிலும் இருப்பது இதன் சுற்றமே என்றான் பையன். கடைக்காரர்கள் சென்சார் என்கிறார்கள். கலைச்சொல் ஆக்கியவர்கள் அண்மை உணரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உணர்வு சித்துப் பொருளுக்கே உரியது என்றும், சடத்துக்கு அது ஒருபோதும் இல்லை என்றும் மெய்கண்டார் காலம் முதல் வாதித்துவந்த மொழியிலே, மூன்று கம்பி நீட்டிய ஓர் அட்டைக்கு உணரி என்ற பட்டம் இத்தனை சுளுவாகக் கிடைத்துவிட்டதே என்று நான் சற்று வியந்தேன்.

வியப்பைப் பேரனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "தாத்தா, இது எதையும் பார்க்கலை. போன வெளிச்சம் திரும்பி வந்துச்சான்னு மட்டுந்தான் கேக்குது" என்றான்.

அந்த வார்த்தை என்னை நையாயிகர்களிடம் கொண்டுபோய் விட்டது. கண் தேஜஸால் ஆகியது, அதினின்றும் ஒரு கிரணம் புறப்பட்டுப் பொருளைச் சென்று தொடுகிறது, அந்தச் சந்நிகர்ஷத்தினாலேயே காட்சி பிறக்கிறது என்பது நியாய தரிசனத்தின் சித்தாந்தம். அப்படியானால் அந்தக் கிரணம் ஏன் எவர்க்கும் தெரிவதில்லை என்று எதிரி கேட்பான் என்பதை முன்னமே உணர்ந்து, அதன் உருவம் வெளிப்படாத இயல்பினது என்று விடை வைத்ததோடு, இரவில் திரியும் பிராணிகளின் கண்ணொளியைச் சாட்சியாகவும் நிறுத்தினார் நியாய சூத்திரம் இயற்றிய கௌதமர். பௌத்தராகிய திங்நாகர் இதை ஒப்பவில்லை. கண் பொருளைச் சென்று தொடுவதாயின், இடைவெளி விட்டு அப்பால் இருப்பதாகவும் கண்ணைவிடப் பெரிதாகவும் ஒன்றை எப்படிக் காணமுடியும் என்று மடக்கினார். வேறொரு தேசத்தில் 11-ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அல்-ஹைதம் ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறதேயன்றிக் கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதில்லை என்று நிலைநாட்டிவிட, அந்த வழக்கு முடிந்துபோயிற்று. மனித முகத்தைப் பொறுத்தவரை நையாயிகர் தோற்றவரே. ஆனால் அவர் கற்பித்த கண், புறப்படும் கிரணமும் வெளிப்படாத உருவமுமாக, சூத்திரத்தில் சொன்னவாறே ரிச்சி தெருவில் விற்பனைக்கு இருக்கிறது.

இனி அந்தக் கண்ணுக்கு நாங்கள் வைத்த பரீட்சையைச் சொல்லவேண்டும். வெள்ளைத் தாளை ஒரு சாண் தொலைவில் பிடித்தோம்; விளக்கு எரிந்தது. என் உள்ளங்கையைப் பிடித்தேன், எரிந்தது. பிறகு பூஜையறை அகல்விளக்கின் சுடர்மேல் ஒரு தாளைப் பிடித்துக் கரி படியவைத்து, அது மையாகப் பூத்தபின் எதிரே காட்டினோம். ஒரு சாணில் விளக்கு எரியவில்லை, அரைச் சாணில் எரியவில்லை, நான்கு விரற்கிடையிலும் எரியவில்லை. நாலு பேர் பார்க்க நடுக்கூடத்தில் நீட்டிய தாள் அதன் மட்டில் இல்லாத வஸ்து. ஏனெனில் விளக்குக்கரி தன்மேல் விழும் ஒளியை அநேகமாக முழுமையும் விழுங்கிவிடும். விழுங்கப்பட்டது திரும்பி வராது. திரும்பி வராததைப் பற்றி அந்தக் குமிழுக்குச் செய்தி இல்லை.

கறுப்பைக் காணாத கண் என்று அதற்குப் பெயர் சூட்டிவிட்டு, அதை மெய்ப்பிக்கும் உற்சாகத்தில், முப்பது வருஷம் நான் நீதிமன்றத்தில் போட்டு உழன்ற கறுப்பு அங்கியைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து எதிரே விரித்தேன். விளக்கு உடனே எரிந்தது! வெள்ளைத் தாளுக்கு எரிந்ததைப் போலவே தயக்கமின்றி எரிந்தது. சாயத்தில் தோய்ந்த பல கறுப்புத் துணிகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உண்டுவிட்டு அகச்சிவப்பைத் திருப்பியனுப்பிவிடும் என்றும், கரியோ இரண்டையும் விடாது என்றும் பேரன் விளக்கினான். அதாவது, எத்தனையோ கட்சிக்காரர்கள் கனவிலும் கண்டு நடுங்கிய என் கறுப்பு, அந்தக் குமிழுக்கு வெள்ளை. கறுப்பு என்பது துணியில் இருப்பதாகவே அறுபது வயதுக்கு மேலும் எண்ணியிருந்தேன். அது துணிக்கும் காண்பானுக்கும் இடையே நடக்கும் ஒரு வியவகாரம் என்பதை என் சொந்த அங்கியே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று.

எங்கள் வக்கீல் கூட்டத்தில் என்னோடு வாதிடுவதற்கென்றே பிறந்தாற்போல் ஒரு நண்பர் இருந்தார், இப்போது இல்லை. பகுத்தறிவு இயக்கத்தில் தோய்ந்தவர். "தேடிப் பார்த்தேன் ஐயா, காணோம்; ஆகையால் இல்லை" என்பது தெய்வத்தைப் பற்றி அவருடைய வாதத்தின் சுருக்கம். நான் சாங்கிய காரிகையை எடுத்து வீசுவேன். உலகுக்கு மூலமான பிரகிருதி காணப்படாமைக்குக் காரணம் அது இல்லாமை அல்ல, அதன் நுண்மையே என்று 8-ஆம் சுலோகம் கூறுவதையும், வானில் மிக உயரப் பறக்கும் பறவை, பகலில் சூரிய ஒளியால் அமுக்கப்பட்ட நட்சத்திரம், பயற்றுக் குவியலில் விழுந்த ஒரு பயறு என்று உரைகாரர்கள் காட்டும் உதாரணங்களையும் அடுக்குவேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இதே எட்டுக் காரணத்தை வைத்துக்கொண்டு அந்தப் புளியமரத்துப் பேயையும் நீர் நிலைநாட்டலாமே" என்பார். அந்த வாதத்துக்கு அன்று நான் நேரான பதில் சொல்லவில்லை. குரலை உயர்த்தினேன் என்பதே உண்மை. ஈசுவரகிருஷ்ணரே அந்தச் சுலோகத்தை ஈசுவரனுக்காகச் சொல்லவில்லை, பிரகிருதிக்காகவே சொன்னார் என்பதையும் அப்போது மறைத்துவிட்டேன். வக்கீல் புத்தி.

நண்பருக்குச் சொல்லியிருக்கவேண்டிய பதில் சாங்கியத்தில் இல்லை. குமாரில பட்டர் வழி வந்த மீமாம்சகரிடமும் அத்வைதிகளிடமும் இருந்தது. இல்லாமையை அறிவதற்கென்றே அநுபலப்தி என்று தனியாக ஒரு பிரமாணம் வைத்தவர்கள் அவர்கள். தரையில் குடம் இல்லை என்பது எப்படித் தெரிகிறது? குடத்தைக் காணாமையால் தெரிகிறது. ஆனால் எல்லாக் காணாமையும் பிரமாணம் ஆகிவிடாது. இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்னும் யோக்கியதை அந்தக் காணாமைக்கு இருக்கவேண்டும். நல்ல வெளிச்சத்தில் குடத்தைக் காணாதவன் குடம் இல்லை என்று சொல்லலாம். இருட்டில் காணாதவனுக்கு அந்த உரிமை இல்லை. தர்மராஜ அத்வரீந்திரர் தம் வேதாந்த பரிபாஷையில் இதைத் தெளிவாகவே எடுத்துரைக்கிறார். தர்மமும் அதர்மமும் இயல்பிலேயே கண்ணுக்கு எட்டாதவையாகையால், அவற்றைக் காணவில்லை என்று எவனும் அவற்றின் இல்லாமையை அறிந்தவனாகமாட்டான் என்பதும் அந்த நூலின் கருத்து. நீதிமன்றத்தில் நாங்கள் நாளெல்லாம் செய்ததும் இதைத்தான். "நான் அவனை அங்கே பார்க்கவில்லை" என்று ஒரு சாட்சி சொன்னால், நீர் எங்கே நின்றீர், விளக்கு இருந்ததா, எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவருடைய காணாமைக்கு எவ்வளவு பெறுமானம் என்று எடைபோடுவோம். கரித்தாளைப் பற்றி அந்த அட்டையைக் கூண்டில் ஏற்றி விசாரித்தால் அதன் சாட்சியம் ஒரு நிமிஷம் நிற்காது. ஆனால் வெள்ளைத் தாளைப் பற்றி, ஒரு சாண் தொலைவுக்குள், அது இல்லை என்று சொல்லுமானால் நான் அதை நம்புவேன்.

இந்த யோக்கியதை என்னும் நிபந்தனை இரண்டு பக்கமும் வெட்டும் என்பதை ஆத்திகர்கள் அவ்வளவாக நினைப்பதில்லை. புளியமரத்தில் ஏறிக் கிளையை உலுக்குவது, வழிப்போக்கர் தோளில் குதிப்பது என்று பேய்க்குக் காணத்தக்க காரியங்களைக் கற்பித்துவிட்டோமானால், அந்தக் காரியங்களைக் காணாதபோது பேயையும் விட்டுவிடவேண்டியதுதான். தெய்வத்துக்கும் அப்படியே, இன்ன விரதத்துக்கு இன்ன பலன், இத்தனை நாளில் என்று கெடுவைத்துச் சொல்லுகிறவர், அந்தக் கெடு கழிந்தபின் நண்பருடைய வாதத்துக்குத் தலைவணங்கத்தான் வேண்டும். காணத்தக்கது அல்லாதது என்று ஒரு மூச்சிலும், கண்ணால் காணலாம் வாரும் என்று மறுமூச்சிலும் சொல்லுவது நேர்மையன்று. இவ்வளவும் விட்டபின் மிஞ்சுவது என்னவென்றால், காணோம் என்கிற மறுப்பு செல்லாது என்பதே. உண்டு என்பது அதனால் நிலைபெற்றுவிடவில்லை.

உண்டு என்பதிலும் அந்த அட்டை எங்களுக்கு ஒரு பாடம் வைத்திருந்தது. நடுப்பகலில் அதை மொட்டைமாடிக்கு எடுத்துப்போனோம். எதிரே கையும் இல்லை, தாளும் இல்லை, வெறும் வெளி. விளக்கோ அணையாமல் எரிந்தது. சூரிய ஒளியில் அகச்சிவப்பு ஏராளம்; அது கறுத்த குமிழை நிறைத்துவிட, தான் அனுப்பியது திரும்பியதாகவே அது கொண்டுவிட்டது. பகலில் நட்சத்திரம் தெரியாது என்று உரைகாரர்கள் சொன்னார்கள். ஒளி மிகுந்தால் இல்லாததும் தெரியும் என்று அவர்கள் சொல்லவில்லை. சந்நதம் வந்தவருக்கு எந்தக் கல்லைப் பார்த்தாலும் அசைவது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. மேற்கொண்டு எழுதினால் சண்டைக்கு வருவார்கள். தேர்ந்த கருவிகளில் இதற்குப் பரிகாரம் இருக்கிறதாம். டி.வி. ரிமோட்டின் வழக்கப்படி, அனுப்பும் ஒளியை விநாடிக்கு 38,000 முறை துடிக்கச்செய்து, அந்தத் துடிப்போடு வருவதை மட்டும் தன்னுடையதென்று ஏற்று, மற்ற ஒளியை எல்லாம் தள்ளிவிடுகின்றன. இன்னும் உயர்ந்த சில கருவிகள், எவ்வளவு ஒளி திரும்பிற்று என்று கேளாமல், திரும்ப எவ்வளவு நேரமாயிற்று என்றே அளக்கின்றன. ஒளி 30 சென்டிமீட்டர் போக ஒரு நானோ விநாடி, அதாவது ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு ஆகும். அப்படியிருக்க, ஒரு சாணுக்கும் குறைந்த தூரத்தைக் காலத்தைக் கொண்டே அளந்துவிடும் ஒரு துணுக்கு, கைபேசிக்குள் கடுகுபோல் ஒட்டிக்கொண்டிருக்கிறதென்றால், அளப்பது என்ற மட்டில் மனிதன் எங்கேயோ போய்விட்டான்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமற் செய்தது வேறொன்று. ரோபோ செய்யும் மாணவர்கள் வழக்கமாக வாங்கும் மற்றொரு வகை உண்டு. அது ஒளியின் அளவைப் பார்ப்பதில்லை, கோணத்தைப் பார்க்கிறது. ஒரு முனையிலிருந்து ஒளியை அனுப்பி, பொருளின்மேல் விழுந்த புள்ளியை, சற்று விலகியிருக்கும் ஒரு கண்ணாடி வில்லையின் வழியாக வாங்கி, அந்தப் புள்ளி உள்ளே எந்த இடத்தில் விழுகிறது என்பதைக்கொண்டு, நில அளவைக்காரன் முக்கோணம் கட்டுவதுபோல் தூரத்தைக் கணிக்கிறது. அப்படி ஒன்றையும் பேரன் வைத்திருந்தான்; 10 முதல் 80 சென்டிமீட்டர் வரை அதன் ஆட்சி. கையை அப்பாலிருந்து மெள்ள நெருக்கிக்கொண்டே வந்தேன். திரையிலே எண் ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்தது. நெருங்க நெருங்க எண் ஏறவேண்டும். பத்துக்கும் உள்ளே கை சென்று சற்று நேரத்தில் எண் இறங்கத் தொடங்கிவிட்டது. கை கருவியை முட்டுகிறாற்போல் வந்தபோது, அது எட்ட இருப்பதாகத் தெரிவித்தது. புள்ளி, அதை வாங்கும் இடத்தின் ஓரத்தைக் கடந்து வெளியே சரிந்துவிடுவதால் இப்படி நேர்கிறது என்பது காரணம். அதிசாமீப்யம் என்று ஈசுவரகிருஷ்ணர் ஒரே சொல்லில் அடக்கியதை நான் கண்ணால் பார்த்தேன். மிக அண்மையில் இருப்பது காணாமற் போவதுகூட அல்ல, தொலைவில் இருப்பதாகத் தோன்றுகிறது!

ஈசாவாஸ்ய உபநிஷத்து, பரம்பொருள் தொலைவிலும் இருக்கிறது, அண்மையிலும் இருக்கிறது என்று கூறுவதை இளமையில் ஓதிய நாள் முதல் அதை ஒரு புகழ்ச்சியாகவே, எங்கும் நிறைந்தது என்பதற்கு மற்றொரு வாசகமாகவே நான் கொண்டிருந்தேன். அந்த எண் இறங்கியதைக் கண்டபின், அது ஒரு நோயின் வர்ணனையாகவும் இருக்கலாமோ என்ற ஐயம் பிறந்திருக்கிறது. ஒரே எண் இரண்டு தூரங்களுக்குப் பொருந்திவிடுகிறது. எது என்று கருவிக்குத் தெரியாது.

நம்முடைய கோயில்களில் மூலவருக்கு எதிரே நிற்கும் இடத்துக்குச் சந்நிதி என்று பெயர். அச்சொல்லுக்கு அண்மை என்பதே பொருள். அந்த அண்மையை அடிக்கணக்கில் அளந்து, கம்பிக்கு உள்ளே ஒரு கட்டணம், வெளியே வேறொரு கட்டணம் என்று சீட்டுக் கொடுக்கும் ஏற்பாட்டில், மேற்படி அட்டையின் தத்துவஞானத்துக்கு அதிகமாக ஒன்றும் இல்லை. திருப்புன்கூரில் நந்தி விலகியிருப்பதை இன்றும் காணலாம். வெளியே நின்ற நந்தனாருக்கு வியவதானம், அதாவது இடைமறைப்பு, ஆகியிருந்தது அந்த நந்தி. அது விலகவே தரிசனம் கிடைத்தது என்பது வரலாறு. கல் விலகியது, அவரை வெளியே நிறுத்திய மனிதர்கள் விலகவில்லை என்பதை ஒவ்வொரு முறை அங்கே போகும்போதும் நினைத்துக்கொள்வேன். ஆனாலும் தெருவில் நின்றவரே அண்மையில் இருந்தார் என்றும், உள்ளே நின்றவர்களே தொலைவில் இருந்தார்கள் என்றும் அக்கதையைச் சொல்லிவந்த தமிழர்களுக்கு ஐயமே இருந்ததில்லை.

கோணக் கருவியின் கோளாறுக்கு என்ன செய்வீர்கள் என்று பேரனைக் கேட்டேன். "ரொம்ப சுலபம் தாத்தா. வண்டியோட முகப்பில வைக்காம, பத்து சென்டிமீட்டர் உள்ள தள்ளி வெச்சிடுவோம். அப்ப எதுவும் அதுக்கிட்ட அந்த அளவு நெருங்கவே முடியாது" என்றான். பின்வாங்கி நின்றால் அண்மை தெரியும்; யுக்தி அழகானதுதான். மனத்தின் தொழில்களை இப்படிப் பின்வாங்கி நின்று பார்க்கலாம் என்பதையும் ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். கோபம் வந்து போன மறுநாள் அந்தக் கோபம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் பார்க்கிறவனையே பார்க்க எத்தனை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வைப்பது? எவ்வளவு தள்ளினாலும் அவனும் கூடவே அல்லவா வந்துவிடுகிறான்! கண்ணாடியில் பார்த்துக் கண்ணின் மையை அறியலாம். இந்த விஷயத்தில் கண்ணாடி எது என்பதைக் குரு என்பாரும், சாஸ்திரம் என்பாரும், அருள் என்பாரும் உண்டு. கண்ணுக்கு ஒளி இருந்தும் கதிரவன் ஒளி கலந்தாலன்றிக் காணாது என்ற சைவ சித்தாந்தியின் உவமை, தன் விளக்கைத் தானே சுமந்து திரியும் இந்த அட்டைக்குச் செல்லாது. எனக்குச் செல்லும் என்றே தோன்றுகிறது. அதற்குமேல் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.

பேரன் விடுமுறை முடிந்து கருவிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கரி படிந்த அந்தத் தாள் மட்டும் என் மேஜைமேல் கிடக்கிறது. இதை எழுதும்போது அதை இரண்டு முறை நகர்த்தி வைத்தேன், விரலெல்லாம் கறுப்பு.